மருந்து கேட்கவில்லை என்று விட்டுவிடுவதற்கு முன்னால்

"டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தேன், கேட்கல, விட்டுட்டேன்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பத்து நாள் என்பார்கள், இல்லை ஒரு அட்டை தீரும் வரை என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த மருந்து வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும் என்ற ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினாரே, அவர் மேல்தான் கோபம்.

நம் ஊரில் மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ளவர்கள் மனநல மருத்துவரிடம் நேராகப் போவது அபூர்வம். நடு ராத்திரியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை காலெல்லாம் வேர்க்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். கேஷுவாலிட்டிக்கு ஓடுவார்கள். ஈசிஜி நார்மல். கேஸ் டிரபிளாக இருக்கும் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். மறுபடி வரும். எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி, அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று நரம்பு டாக்டர், தலைக்கு ஒரு ஸ்கேன். நடுவில் வீட்டில் பெரியவர்கள் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் "இது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கு, சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்க" என்று சொல்வதற்குள் மாதங்கள் ஓடி, கையில் இருந்த காசும் தீர்ந்திருக்கும்.

சோதனைகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டியதுதான். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 இவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே சோர்ந்து கிடப்போம், கூடினால் படபடப்பு வரும். ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்த அன்றே "அப்போ உனக்கு ஒண்ணும் இல்ல" என்று வீடு முடிவு கட்டுவதுதான் கொடுமை. ரிப்போர்ட் நார்மலாக வந்தால் அடுத்த இடத்தில் தேட வேண்டும் என்றுதான் அர்த்தம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பார்த்த கிளினிக்கில் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. ஒரு சின்ன மாத்திரை, ராத்திரி போடுங்கள், தூக்கம் வரும் என்றார்கள். வந்தது. அன்றைக்கே படபடப்பும் அடங்கியது, இவ்வளவு சுலபமா என்று அழுகையே வந்துவிட்டது. அது அல்பிரசோலம். அந்த வகை மாத்திரைகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், அதனாலேயே நம்பிவிடுவோம். சில வாரங்களுக்கு மேல் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்தபோது, நோய் வந்த முதல் நாளைவிட மோசமான இரண்டு ராத்திரிகளைப் பார்த்தேன். அடுத்துப் பார்த்த மருத்துவர்தான் உட்கார வைத்து விளக்கினார்: இதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், உண்மையான சிகிச்சைக்கான மருந்தை இன்றைக்குத் தொடங்குவோம் என்று.

அந்த உண்மையான மருந்து மெதுவானது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸடின் என்று எதுவானாலும் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்க விளைவு மட்டும் முதல் நாளே வந்துவிடும். குமட்டல், தலைவலி, சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும். பலன் வருவதற்கு முன்னால் தொந்தரவு வருகிற மருந்தை, காரணம் தெரியாத ஒருவர் எப்படித் தொடர்ந்து சாப்பிடுவார்? தாம்பத்திய ஆசை குறையும் என்பதை நம் ஊரில் நோயாளியும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை, பலர் அதனாலேயே சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது.

முதல் மருந்தே எல்லோருக்கும் பொருந்தாது என்பது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து ஸ்டார்-டி என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்தில் முழுதாகத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பேருக்கு மருந்தை மாற்றினார்கள், இன்னொன்றைச் சேர்த்தார்கள், பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள், அதில் இன்னும் கொஞ்சம் பேர் தேறினார்கள். பிரஷருக்கு ஒரு மாத்திரை சரிவரவில்லை என்றால் டாக்டர் வேறு மாற்றுகிறார், நமக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. மனசுக்கு மட்டும் ஒன்று சரிவராவிட்டால் "நம்மைத் திருத்தவே முடியாது" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். மனச்சோர்வு அப்படித்தான் நினைக்க வைக்கும், அதுவே அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று.

மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோமா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கைமீறிச் செலவு செய்துகொண்டு இருந்த நாட்கள் உண்டா? உண்டென்றால் முதல் வேலையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பைபோலாராக, அதாவது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற நோயாக இருந்தால் வெறும் மனச்சோர்வு மருந்து நிலைமையை மோசமாக்கலாம்.

இப்போது கவுன்சிலிங். எனக்கு மாத்திரை பாதி தூக்கிவிட்டது என்றால் மீதியைச் செய்தது சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை. பயந்து ஒதுக்கிய பஸ் பயணத்தை, கூட்டத்தை, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்ய வைத்தார்கள், வாராவாரம் வீட்டுப்பாடம் மாதிரி எழுத வைத்தார்கள். அறிவுரை சொல்வதும் இதுவும் ஒன்றில்லை. நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், அதனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். "கடவுளை நம்புங்க, கல்யாணம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

சரி, இதற்கெல்லாம் காசு? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். 14416 என்ற டெலி மனாஸ் எண், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண், 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அந்த எண்ணில் பேசுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 25 வயதுக்குட்பட்டவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும் முதல் சில வாரங்களில் அந்த எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அந்த நாட்களில் கூடவே இருங்கள்.

தேறிய பிறகு நடக்கும் கூத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகம் தெளிந்து, சாப்பாடு இறங்க ஆரம்பித்ததும் "இன்னும் எதுக்கு மாத்திரை, கிட்னி போயிடும்" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதற்குக் காரணம், பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்பதுதான். எப்போது நிறுத்துவது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள், சித்தப்பா முடிவு செய்ய வேண்டாம்.

பேச்சு சிகிச்சைதான் இன்னும் ஏழைக்கு எட்டவில்லை. தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன, வாராவாரம் போய் உட்கார்ந்து பேசுவதற்குத் தருவதில்லை. அரசு ஓபியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே மருத்துவரால் பத்து நிமிடம்கூட ஒதுக்க முடியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோவாவில் சங்கத் என்ற தொண்டு அமைப்பு செய்ததைப் பாருங்கள்: மனநலப் படிப்பே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் மட்டும் நடத்தினார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த அமர்வுகள் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 39 சதவீதம். வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாதா? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் இரண்டு நாளாவது, பயிற்சி பெற்ற ஒருவர், கதவு சாத்திய ஒரு அறையில், நோயாளி பேசுவதை முக்கால் மணி நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உங்கள் எம்எல்ஏ ஊருக்கு வரும்போது ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.