'கம்பவுண்டர்' என்ற சொல்லுக்குப் பின்னால்

பார்மசி பட்டப்படிப்பு 1948 பார்மசி சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது என்று உங்கள் கட்டுரையில் இருப்பதைத் திருத்துங்கள். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-லேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். 1937-ல் அது பி.பார்ம் என்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஆனது. பதிவு பெற்றவர்தான் மருந்து கலந்து கொடுக்கலாம் என்பதும், படிப்புக்கு நாடு முழுக்க ஒரே தரம் என்பதுமே சட்டத்தின் வேலை.

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை பக்கம், ராயபுரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் பெரியவர்கள் இன்னும் 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது மருந்தைக் கையால் கலந்து கொடுக்கும் வேலையைக் குறித்த சொல். மாத்திரை அட்டையில் வரும் காலத்தில், பார்மசி மாணவர்கள் லேபில் எமல்ஷன் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்த கலவை) செய்வது எதற்கு என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். நோக்கம் சரக்கு அல்ல, கலவை ஏன் பிரிகிறது என்பது கைக்குப் புரிவது. விளக்கெண்ணெய்க்கு 4 பங்கு எண்ணெய், 2 தண்ணீர், 1 அக்கேசியா பிசின். கல்வத்தில் சொட்டு ஈரம் கூடாது. எண்ணெயில் பிசின்தூளைக் கலந்ததும் அளந்த தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றி, ஒரே பக்கமாக வேகமாக அரைக்க வேண்டும். வெள்ளையாகி 'சடக் சடக்' என்று சத்தம் வந்தால் சேர்ந்துவிட்டது. தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டால் எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி சிக்கி, கலவை தலைகீழாகிப் பிரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் சேராது. யூகலிப்டஸ் தைலத்துக்கு 2:2:1. இங்கேயும் 4:2:1 போட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

2008-ல் வந்த பார்ம்.டி என்ற ஆறாண்டுப் படிப்பு, மாணவர்களை மருத்துவமனை வார்டுக்குள் கொண்டுபோனது பெரிய மாற்றம். டி.பார்ம் என்ற டிப்ளமோ படிப்புக்கோ 1991 விதிப்படி 500 மணி நேரப் பயிற்சி இருந்தது. அதில் குறைந்தது 250 மணி நேரம் மருத்துவர் சீட்டு பார்த்து மருந்து கொடுப்பதில் போக வேண்டியிருந்தது.