பருவுக்கு மருந்து போடுகிறவர்கள் அதற்கு மூன்று மாதம் கொடுங்கள்

"அக்கா, பருவுக்கு எதுவுமே கேக்கல" என்று இன்பாக்ஸில் எழுதும் பெண்களிடம் (பையன்களும் எழுதுவார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொன்றையும் எத்தனை நாள் போட்டாய்? பத்து நாள், மூன்று வாரம், மிஞ்சிப் போனால் ஒரு மாதம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகப்பருவுக்கு வேலை செய்யும் மருந்துகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, விலையும் பெரிதில்லை. அவை பலன் காட்டத் தொடங்கும் நேரத்தில் நாம் கைவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். தாவ வைப்பதற்கென்றே நம்மைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட வயதில் தொடங்கிய பருவோடு முப்பது தாண்டியும் குடும்பம் நடத்தியவள், இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பரு எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டால் இந்தப் பொறுமை எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயசுக்கு வரும் காலத்தில் ஹார்மோன் ஏறும்போது அது அதிகமாகச் சுரக்கும். மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கும். உள்ளே தேங்கிய எண்ணெயில், நம் எல்லோர் தோலிலும் வழக்கமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகும். உடம்பு அதோடு சண்டைக்குப் போகும்போதுதான் சிவப்பு, வலி, சீழ் எல்லாம். கண்ணுக்கே தெரியாத அந்த முதல் அடைப்பு, கண்ணாடியில் தெரியும் பருவாக மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது, சில சமயம் இரண்டு மாதம்கூட. இன்று காலை மூக்கோரம் எட்டிப் பார்த்த பரு போன மாதமே உருவாகத் தொடங்கிய ஒன்று. இன்று வாங்கிய க்ரீமால் அதைப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து வர வரிசையில் நிற்பதைத்தான் அது தடுக்கும்.

அதனால்தான் தோல் டாக்டர்கள், வந்த பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காதே, பரு வரும் பகுதி முழுக்கத் தடவு என்கிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் போடாமல் எந்தத் தீர்ப்பும் சொல்லாதே என்பதற்கும் இதுவே காரணம்.

அந்த மருந்துகளில் இரண்டைப் பற்றியாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். முதலாவது அடாபலீன் 0.1% ஜெல். வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது, அடைப்பு உண்டாவதையே தடுப்பது. அமெரிக்காவில் 2016-இல் இருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் மூத்தது ட்ரெட்டினாயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் அது பருவுக்குப் பலன் தருகிறது என்று 1969-இல் எழுதினார். (அதே மனிதர் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்காகச் சோதனை நடத்தியவர். அந்த அசிங்கத்தைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.) இரண்டாவது பென்சாயில் பெராக்சைடு. இது பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகிக்கொள்வது போல இதற்குப் பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை. 2.5%, 5%, 10% என்று கிடைக்கும். பத்துதான் பவர் என்று நினைத்துப் பத்தை வாங்க வேண்டாம். 2.5 கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது, எரிச்சலும் உரிவதும் குறைவு. ஒரு எச்சரிக்கை: இது துணியின் சாயத்தை வெளுக்க வைக்கும். தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும்.

ரெட்டினாய்டு தொடங்கிய முதல் சில வாரங்கள்தான் எல்லோரும் கைவிடும் இடம். தோல் காயும், வாயோரம் உரியும், சிலருக்குப் பரு கூடுதலாகவே தெரியும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் "இது உனக்கு ஒத்துக்கல, தூக்கிப் போடு" என்பார். உண்மையிலேயே ஒவ்வாமை என்றால் முகம் வீங்கும், அரிப்பு தாங்காது, அப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வெறும் வறட்சிக்கு நிறுத்தத் தேவையில்லை. ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி போடலாம். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், அதற்கு மேல் அப்பினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. மேலே வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சுரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சுரைசர் எதற்கு என்று கேட்காதீர்கள், அதைப் போடுவதால்தான் மருந்தைத் தொடர முடிகிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு அசலாயிக் ஆசிட் போன்ற வேறு வழிகள் உண்டு, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தாவ வைக்கும் கூட்டத்துக்கு வருகிறேன். அதில் எனக்கு அதிகக் கோபம் மெடிக்கல் ஷாப் கவுன்டர் மேல்தான். "முகத்துல பருங்க, ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துக் கொடுப்பது, சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீராய்டு கலந்த ஒரு ட்யூப். படைக்குப் போடும் கலவையாக இருக்கலாம், மங்குக்கு டாக்டர்கள் கொஞ்ச காலத்துக்கு மட்டும் எழுதும் மூன்று மருந்துக் கலவையாக இருக்கலாம். போட்ட நாலாம் நாளே சிவப்பு வற்றி முகம் பளிச்சென்று ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா பெயர் கேட்பார், அவருக்கும் ஒரு ட்யூப் போகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, கன்னத்தில் நரம்பு போல ரத்தக் குழாய்கள் தெரிந்து, முடிகூட வளரத் தொடங்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு பொங்கும். பயந்து மறுபடி போடுவார்கள். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டால் கெட்ட இந்த முகத்துக்கென்று தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு இன்னும் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் அதன்பாட்டில் இருக்கிறது, விற்பனையும் அதன்பாட்டில் நடக்கிறது. ட்யூபின் பின்னால் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எதைப் பார்த்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

அடுத்து வீட்டு வைத்தியம். கடலை மாவும் பயத்த மாவும் போட்டு முகம் கழுவுவதை நான் குறை சொல்ல மாட்டேன். கஸ்தூரி மஞ்சள், சந்தனம் எல்லாம் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய கெடுதல் செய்யாது, பெரிதாகப் பருவையும் போக்காது. ஆனால் எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். பேஸ்ட் வைப்பதும் பட்டை, கிராம்பை அரைத்துப் பூசுவதும் தோலைப் புண்ணாக்கும் வேலை. அப்புறம் தேங்காய் எண்ணெய். தலைக்கு நன்றாக வைத்துப் படிய வாரிக்கொண்டால் நெற்றியிலும் காதோரத்திலும் பொரிப்பொரியாக வரும். முடிக்குப் போடும் பிசுக்கால் நெற்றியில் வரும் பருவை மருத்துவப் புத்தகங்களே தனி வகையாகச் சொல்கின்றன. எண்ணெய் வைக்காதே என்றால் எங்கள் அம்மா வீட்டை விட்டே துரத்திவிடுவார், அதனால் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உடம்புச் சூடு, மாம்பழம், கோழி, எண்ணெய்ப் பலகாரம், எல்லாமே குற்றவாளிகள்தான். ஓரளவு சான்று இருப்பது, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் சாப்பாட்டுக்கு: சர்க்கரை, மைதா, பாட்டில் பானங்கள். 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அந்த வகைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட இளைஞர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் மற்றவர்களைவிடப் பரு குறைந்தது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஜிம்முக்குப் போய், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரைக் குடிக்கும் தம்பிகள் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் சாப்பாட்டை மாற்றினாலே போதும் என்று மருந்தை விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால்? அப்போது கேள்வியே வேறு. முதலில், அது பருதானா? நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாக வந்து அரிக்கிறது என்றால் அது ஈஸ்ட் என்ற பூஞ்சை வகைக் கிருமியால் வருவதாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கூடும், பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். பெண்களுக்கு, அதுவும் இருபத்தைந்து தாண்டியவர்களுக்கு, தாடையோரமும் கழுத்திலும் வலியோடு ஆழமாக வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போய், மோவாயில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஹார்மோன் பக்கத்து மருந்துகள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு வந்த ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை பெண்களின் பருவுக்கு நன்றாக உதவுகிறது என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. டாக்டர் எழுதினால் மட்டும்.

சீழ்க்கட்டிகளாக வருகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, கூடவே பென்சாயில் பெராக்சைடும் இருக்க வேண்டும். மாத்திரை தீர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு "திரும்ப வந்துடுச்சு" என்கிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை நின்ற பிறகும் ஜெல் தொடர வேண்டும். அதையும் டாக்டர் சொல்லியிருப்பார், நாம்தான் வெளியே வந்ததும் மறந்திருப்போம். பழைய அட்டையை வைத்துக்கொண்டு கடையில் நாமே மறுபடி வாங்குவது அதைவிட மோசம். பாக்டீரியா பழகிப் போவது அப்படித்தான்.

குழி விழும் பரு, குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்த பரு, எதற்கும் அடங்காத பரு, இவற்றுக்கு ஐசோட்ரெட்டினாயின். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பருவின் காரணங்கள் அத்தனையையும் தொடும் மருந்து இது ஒன்றுதான். எடையைப் பார்த்து அளவு வைத்து, மாதக்கணக்கில் கொடுப்பார்கள். உதடு வெடிக்கும், கண் காயும், ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள், மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதைப் பற்றி ஒரு பயம் உண்டு: "பொண்ணுக்கு அந்த மாத்திரையக் குடுத்தா நாளைக்குக் குழந்தை பிறக்காது." அது உண்மையில்லை, குழந்தை பிறப்பதை இது தடுக்காது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருவுற்றால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரலாம். அதனால் சாப்பிடும்போதும் நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. இதை டாக்டர் கல்யாணமாகாத பெண்ணிடம் அம்மாவை வைத்துக்கொண்டு பேசத் தயங்குவதும், அந்தப் பெண் கேட்கத் தயங்குவதும்தான் எனக்குக் கவலை. அம்மாவை இரண்டு நிமிஷம் வெளியே உட்காரச் சொல்வதில் தப்பே இல்லை.

கல்யாணம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போதுதான் பல வீடுகளில் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. சித்தி ஒரு பார்லர் சொல்வார், அங்கே பருவின் மேலேயே தேய்த்து ஃபேஷியல் செய்து, ஊசியால் குத்திப் பிதுக்கி அனுப்புவார்கள். நம்முடைய மாநிறத் தோலில் பரு போனாலும் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும், பிதுக்கியதில் இன்னும் ஆழமாக நிற்கும். அந்தத் தடம் பரு இல்லை, புதுப் பரு வருவது நின்றுவிட்டால் தானாகவே மங்கும், பகலில் சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம் மங்கும். மருந்து பலன் தரவில்லை என்று நினைக்கிறவர்களில் பாதிப் பேர் பழைய தடத்தைப் பார்த்துத்தான் அப்படி நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். தொடங்கும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது.

தனியார் டாக்டரிடம் போக வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவு புறநோயாளிப் பகுதிக்குப் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், கூட்டம் இருக்கும். இதுவரை முகத்தில் தடவிய ட்யூப் எல்லாவற்றையும், தீர்ந்து போனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ வெள்ளைக் க்ரீம், பேர் தெரியல" என்றால் அவர்களால் ஸ்டீராய்டா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.