முன்குறித்தல் கால்வின் கண்டுபிடித்ததா?

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்தார் என்ற போதனைதான் முன்குறித்தல். "முன்குறித்தல் என்பது 16-ஆம் நூற்றாண்டில் கால்வின் (புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி) புகுத்தியது, வேதத்தில் அந்தச் சொல்லே இல்லை, அதை ஏற்கிற சபைகளுக்கு மனிதன் வெறும் பொம்மை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

ரோமர் 8:29-30, எபேசியர் 1:5, 11 ஆகிய வசனங்களைத் திறந்து பாருங்கள், சொல் அங்கேயே இருக்கிறது. கால்வினுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சரி, பொம்மை விஷயம்? கால்வின் வழிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் (1646) 3-ஆம் அதிகாரம் முதல் பத்தியிலேயே, நடப்பதையெல்லாம் தேவன் நியமித்தார், ஆனாலும் மனிதனின் சித்தம் பலவந்தப்படுத்தப்படுவதில்லை என்கிறது. 9-ஆம் அதிகாரம் முழுக்க சுயசித்தம் பற்றியதுதான். பிலிப்பியர் 2:12-13-இலும் "பிரயாசப்படுங்கள்" என்ற கட்டளையும், விருப்பத்தை உண்டாக்குகிறவர் தேவனே என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதில் ஆர்மீனியர்கள் (ஆர்மீனியஸ் என்ற இறையியலாளரின் வழிவந்தவர்கள்) வேறு விளக்கம் தருகிறார்கள்; யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்ததன் அடிப்படையில்தான் தேவன் அவர்களைத் தெரிந்தெடுத்தார் என்பார்கள். அது நியாயமான விவாதம். இந்த வாட்ஸ்அப் செய்தி அப்படியல்ல. வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.