மார்க்கேஸைத் தூக்கி நிறுத்தியது கம்ப்யூட்டர் இல்லை

வெள்ளவத்தைப் பொடியன்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது: 2017இல் வலென்சியாவில் நடந்த மோட்டோ ஜிபி (மோட்டார் பைக் பந்தயங்களின் உச்ச உலகத் தொடர்) பந்தயத்தில், விழப்போன ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கேஸ் நிமிர்ந்துவிடும் காட்சி. "பைக்கில் உள்ள கம்ப்யூட்டர்தான் தூக்கி நிறுத்தியது" என்று கூடவே ஒரு குறிப்பு.

தவறு. மோட்டோ ஜிபி பைக்கில் கம்ப்யூட்டர் உண்டு, சரி. ஆனால் அதன் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பின்சக்கரம் வீணாகச் சுழலும்போது என்ஜின் சக்தியைக் குறைக்கும், அவ்வளவுதான். அன்று வழுக்கியது முன்சக்கரம். அதைப் பிடித்துக்கொடுக்கும் கருவி எதுவும் அந்த பைக்கில் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் கூடக் கிடையாது, நம் கொழும்புக் காலி வீதியில் ஓடும் சில பைக்குகளில் அது இருக்கிறது!

நடந்தது இதுதான். முதல் வளைவில் முன்டயர் பிடி விட்டதும் மார்க்கேஸ் முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றினார். பைக்கின் பாரத்தில் ஒரு பங்கை உடம்பு வாங்கிக்கொண்டது. சாய்வு மேலும் கூடவில்லை. வேகம் குறையக் குறைய டயர் மறுபடி பிடித்தது. அப்புறம் சரளைக்கல் பகுதிக்குள் ஓடித் தடத்துக்குத் திரும்பினார். மூன்றாவதாக முடித்து, அன்றே உலகச் சாம்பியனும் ஆனார்.