அம்மாவின் டைரியில் எழுதி வைத்த வழி

கும்பகோணத்தில் தனியே இருக்கும் என் அம்மாவுக்கு வயது 74. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் எத்தனை முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு மேல் மனம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து, கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அம்மா நலமாகத்தான் இருந்தார். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அது அடிப்பதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்காவின் போனை வாங்கி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஏம்மா, நான் எதையோ தெரியாம அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்கு" என்பதுதான்.

அவர் எதையும் கெடுக்கவில்லை. இரவோடு இரவாக அந்தக் கைபேசியின் அழைப்புச் செயலி தானாகவே மாறியிருந்தது. அதுவரை பச்சை வட்டத்தை மேலே தள்ளினால் அழைப்பை எடுக்கலாம்; இப்போது பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஆறு வருடங்களாக மேலே தள்ளிப் பழகிய விரல் அன்று காலை முழுவதும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றப்போகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாற்றலாமா என்று கேட்கவும் இல்லை. இதில் என்னை மிகவும் வருத்தியது, அவர் தம்மையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டதுதான். பிழை எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவெடுத்தவர்களுடையது. கூச்சப்பட்டது என் அம்மா.

அவரிடம் ஒரு பழைய டைரி உண்டு. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் டைரி. அதன் கடைசிப் பக்கத்தில், ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று வங்கிச் செயலியில் பார்க்கும் வழியை, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். "நீலக் கட்டத்தைத் தொடவும். நாலு நம்பர் போடவும். இரண்டாவது வரிசையில் மூன்றாவது படம், கண் போட்டிருக்கும். கண்ணைத் தொட்டால் பணம் தெரியும்." நான்கு வரிதான். அந்த நான்கு வரியை நம்பி ஒன்றரை ஆண்டுகள் யார் தயவும் இல்லாமல் தம் கணக்கைத் தாமே பார்த்துவந்தார். பிறகு அந்தச் செயலிக்குப் புதுத் தோற்றம் வந்தது. நீலக் கட்டம் ஊதாவாயிற்று, வரிசைகள் போயின, மேல்பாதி முழுவதும் கடன் விளம்பரம் வந்து உட்கார்ந்தது, கண் இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டது. வேலை என்னவோ அதேதான், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது. அதில் கூடுதலாக ஒரு வசதியையும் நான் காணவில்லை.

நான் 1994-இல் தட்டச்சு கற்றவள். பயிலகத்தில் முதல் சில வாரங்கள், விரல்கள் நிற்கும் நடு வரிசை எழுத்துகளான "யளனகபக" தவிர வேறெதையும் அடிக்க விடமாட்டார்கள். பலகையைக் குனிந்து பார்த்தால் விரலில் அடி விழும். எதற்காக இத்தனை கண்டிப்பு என்று அப்போது புரியவில்லை. விரல் தானாகப் போய் நிற்கும் ஒருநாள் வந்தபோது புரிந்தது. அந்தக் கைப்பழக்கத்தை வைத்துத்தான் முப்பது ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துச் சாப்பிடுகிறேன். எழுத்து நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது என்பதால்தான் அது பழக்கமாகக் கைக்கு வந்தது. ஆங்கில விசைப்பலகையும் அப்படித்தான்: 1870-களில் தட்டச்சுப் பொறிக்காக அமைந்த வரிசையை, சிற்சில மாற்றங்களோடு, உலகம் இன்றுவரை வைத்திருக்கிறது. ஒரு கருவியை ஒருவர் நேரம் செலவழித்துப் பழகிவிட்டால் அந்தப் பழக்கம் அவருடைய சொத்து என்றே நான் கருதுகிறேன். அதை அவரைக் கேட்காமல் செல்லாததாக்குவதற்கு, அந்த மென்பொருளை எழுதியவருக்கும் உரிமை இல்லை.

வேண்டாத மாற்றத்தைச் செய்துவிட்டுப் பின்வாங்கும் கதை புதிதல்ல. 1995 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தானை, 2012 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. உலகெங்கும் எழுந்த அதிருப்திக்குப் பிறகு, மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பி வந்தது. பழையபடி விரியும் பட்டியல் வருவதற்கு 2015-இல் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, வலது சொடுக்கில் வெட்டு, நகலெடு, ஒட்டு என்று சொற்களாக இருந்தவற்றை வெறும் படங்களாக மாற்றியது. கத்தரிக்கோல் படம் சரி, மற்றவை எது எது என்று நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 2024-இல் வந்த பதிப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே மறுபடியும் சொற்களை எழுதினார்கள். படிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லைவிடத் தெளிவான படம் கிடையாது என்று கண்டுகொள்ள மூன்று ஆண்டுகளா? அதே விண்டோஸ் 11-க்கு, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய பிராசசரும் (கணினியின் மையச் சில்லு) வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிப்பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள், எந்தப் பழுதும் இல்லாமலேயே பழையதாகிவிட்டன.

புதிதாகத் தெரிந்தால்தான் விற்கும் என்பது இதற்கெல்லாம் பாதிக் காரணம். உட்கார்ந்திருக்கும் குழு ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்பது மீதிக் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு சொல்வதால் புதுப்பித்தலே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் மாட்டிக்கொண்டன. பாதுகாப்புத் திருத்தம் அவ்வளவு அவசியமானது. அவசியமான அந்தத் திருத்தத்தையும் அவசியமற்ற அலங்காரத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "புதுப்பி" என்ற ஒரே பொத்தானுக்குப் பின்னால் வைப்பதுதான் அநியாயம். மருந்தை வாங்க வந்தவரிடம், வீட்டுச் சாமான்களையெல்லாம் இடம் மாற்றிவைக்கச் சம்மதித்தால்தான் மருந்து என்று சொல்வதைப் போன்றது இது. இப்படி இரண்டு மூன்று முறை பட்டவர்கள் புதுப்பித்தலையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பாதுகாப்பையும் இழக்கிறார்கள்.

இரண்டையும் பிரிக்க முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்களைப் பாருங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அது சிறந்த அமைப்பு, புதிதாகக் கற்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அது வந்துவிட்டது என்பதற்காக யாரும் பழைய தட்டச்சு முறையைப் பிடுங்கிவிடவில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற, இலவசமாகக் கிடைத்த மென்பொருள்களிலேயே பல விசைப்பலகைகளை வைத்து, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள விட்டார்கள். எழுத்துருக் குறியீடு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறியபோதும், என்னைப் போன்றவர்களின் விரல்கள் அதே "யளனகபக"வில்தான் இருந்தன. உள்ளே எல்லாம் மாறியது, கைக்கு எட்டும் இடத்தில் எதுவும் மாறவில்லை. சிறு குழுக்கள் செய்ததை, பெருநிறுவனங்களால் செய்ய முடியாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். பாதுகாப்புத் திருத்தத்துக்கு ஒரு பொத்தான், தோற்ற மாற்றத்துக்கு வேறொரு பொத்தான். இரண்டாவதைத் தொடாதவருக்குப் பழைய தோற்றம், அவர் அந்தக் கருவியை வைத்திருக்கும் காலம் வரை அப்படியே இருக்க வேண்டும்.

அதுவரை நான் செய்துவருவதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கைபேசியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருக்கிறேன். அது ஆபத்து என்று தெரிந்தேதான் செய்தேன். ஆகவே மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது, ஒவ்வொரு செயலியாகப் பார்த்துப் புதுப்பித்து, எது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து டைரியில் அந்தப் பக்கத்தைத் திருத்துகிறோம். இப்போது அவர் அதைப் பென்சிலால் எழுதுகிறார்.