மதிகேடனுக்காகப் பேசிய துறவி

"தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்கிறது 14ஆம் சங்கீதம். அந்த மதிகேடனுக்காக வக்காலத்து வாங்கியவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. பெயர் கௌனிலோ. 11ஆம் நூற்றாண்டு, பிரான்சில் தூர் நகருக்குப் பக்கத்தில் மார்மூத்தியே மடம்.

நார்மண்டியின் பெக் மடத்துத் துறவி ஆன்செல்ம் 1077-78 வாக்கில், கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரு நூலில் நிரூபணம் எழுதினார். எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாதோ அதுதான் கடவுள். கேட்கிற மதிகேடனுக்கும் இது புரிகிறது. ஆக, அவன் மனதில் இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது பெரிது. அப்படியானால் அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும்.

முதலில் படித்தபோது எங்கேயோ இடிக்கிறது என்று பட்டது. எங்கே என்று கைவைத்துச் சொல்லத் தெரியவில்லை. கௌனிலோ கைவைத்தார். கடலில் எங்கோ ஒரு தீவு இருக்கிறதாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாததால் 'தொலைந்த தீவு' என்று பெயர். கணக்கில்லாத செல்வம், சொந்தக்காரர் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. சரி, புரிகிறது. அப்புறம் ஒருவர், "எல்லா நிலத்தையும்விட அது சிறந்தது, இல்லாமல் போனால் இருக்கிற எந்த நிலமும் அதை மிஞ்சிவிடும், ஆகவே அது இருக்கிறது" என்றால்? ஒன்று அவர் விளையாடுகிறார். இல்லை, ஒப்புக்கொள்கிற நான் பெரிய மூடனா, நிரூபித்ததாக நினைக்கிற அவரா என்று தெரியவில்லை என்கிறார் கௌனிலோ.

தீவுக்கு ஆன்செல்மிடம் பதில் இருந்தது: இல்லை என்று நினைக்கவே முடியாத அந்த ஒன்றுக்கு மட்டுமே தன் வாதம் பொருந்தும். பின்னால் இறையியலாளர் அக்குவினாஸ் இந்த நிரூபணத்தை ஏற்கவில்லை, 1781இல் ஜெர்மன் தத்துவவாதி காண்டும் ஏற்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது கௌனிலோவின் இன்னொரு வாதம். முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால், மனிதன் என்றால் என்னவென்று தெரிந்திருப்பதால் அவரைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்வேன். அப்போதும், சொன்னவர் பொய் சொல்லியிருக்கலாம், அப்படி ஒரு ஆளே இல்லாமலும் இருக்கலாம். கடவுளைப் பொறுத்தவரை அந்தக் கற்பனைக்குக்கூட வழியில்லை, கையில் இருப்பது வெறும் சொல். தினமும் ஜெபிக்கிறவன் நான். கடவுள் என்ற சொல்லைப் புரிந்துகொண்டதாலேயே அவரைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்திருந்தேன். அதை இந்தத் துறவி என்னிடமிருந்து எடுத்துவிட்டார், அதற்கு அவருக்கு நன்றி. அவரும் ஜெபிக்கிறவர்தான். ஆன்செல்மின் நூலில் மீதியை மனதாரப் புகழ்ந்துதான் தன் மறுப்பை முடிக்கிறார்.

மதிகேடனின் பக்கம் பேசுகிறவர் மதிகேடன் அல்ல, கத்தோலிக்கர். ஆகவே கத்தோலிக்கருக்கே பதில் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார் ஆன்செல்ம். அதோடு விடவில்லை. இனி தன் நூலைப் படியெடுக்கிறவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் கடைசியில் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.