மைக் பிடித்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப்போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. நம்ம வாட்ஸ்அப் குழுவிலேயே ஆளாளுக்கு அனுப்பி, கண்ணீர் விட்டுச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் ஊராட்சியின் அக்டோபர் 2 கிராமசபையில் ஒரு அக்கா பேச எழுந்தார். "எங்க பைப்புல வெள்ளம் வந்து மூணு வாரம்..." என்று தொடங்கினார். நம்ம ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். கை நடுங்கியது, சொல்ல வந்தது மறந்துபோயிற்று, "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குப் பின்னணி இசை வேறு சேர்த்திருக்கிறார் ஒரு கலைஞர். நல்ல திறமை தம்பி.

சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். கீழே ஒருவர், நன்றாகப் படித்தவர், "தன்னம்பிக்கை இல்லாதவங்க எதுக்கு மைக் பிடிக்கணும்? முதல்ல அதை வளர்த்துக்கிட்டு வரட்டும்" என்று எழுதியிருக்கிறார். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போய் வளர்த்துக்கொண்டு வருவது சார்? அடுக்களையிலா? மைக் பிடித்தால்தான் அது வரும். வந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் கடைசிவரை உட்கார்ந்தேதான் இருப்பார்கள்.

நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள். ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-லேயே எழுதிவிட்டார். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் ஒருவருக்கு வருவதற்கு மிக வலுவான காரணம், அந்த வேலையை அவரே செய்து பார்த்த அனுபவம். அதற்கு அடுத்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. அடுத்தவர் சொல்லும் ஊக்கமெல்லாம் அதற்கும் பிறகுதான். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் யோசியுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உங்கள் வீடியோவையும் பார்த்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுவார்களா?

இதில் வேடிக்கை, அது காந்தி ஜெயந்தி நாள். அன்றைக்குக் கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அவருடைய அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழுவதை நம்ம ஆட்கள் போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த மனிதர் பாரிஸ்டர் படிப்பு முடித்து மும்பை சிறுவழக்கு நீதிமன்றத்தில் எடுத்த முதல் வழக்கிலேயே, குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்தவர். வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, அப்போது செல்போன் இல்லை.

பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி என்று பேச்சுக்குப் பெயர்போன மாவட்டமாம் நம்முடையது. பெருமைப்பட மட்டும் தெரிகிறது. ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டை முன்னின்று பாடுகிற அண்ணாவி, முதல்நாளே வில்லைத் தட்டும் வீசுகோலோடு நடுவில் உட்கார்ந்தவரா? ஓரமாக இருந்து தாளம் தட்டி, பின்பாட்டுப் பாடி, சொன்ன வரிக்கெல்லாம் 'ஆமா' போட்டுத்தானே அங்கே வந்தார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஒரு செமினார். முதல் பாராவிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. "உனக்கெல்லாம் இது சரிப்படாது, உட்காரு" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. டிகிரி முடியும்வரை அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கமாட்டேன். கல்யாணமாகி வந்த பிறகு மகளிர் குழுவில், படித்தவள் என்று சொல்லித் தீர்மான நோட்டை என் கையில் திணித்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து வாசிக்க வேண்டும். எல்லாம் தெரிந்த முகங்கள்தான், இருந்தும் குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு அக்கா சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) தொலித்துக்கொண்டே, "சத்தமா வாசி பிள்ளே, கேக்கல்ல" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி வகுப்பு அவ்வளவுதான். அப்புறம் கடன் விஷயமாக வங்கி மேலாளரிடம் பேசினேன். அப்புறம் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இப்போதும் எழுந்து நின்றால் நெஞ்சு அடிக்கும். அது போகவே இல்லை. அடிக்க அடிக்கவே பேசிவிடலாம் என்பது மட்டும் பழகிவிட்டது.

"தயார் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்பார்கள். சரி, வரலாம். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதி வந்திருந்தால் உதவியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லிக்கொடுக்க அவர் வீட்டுக்கு யார் போனார்கள்?

"சும்மா ஜாலிக்குத்தான் போட்டோம், இதைப் போய்ப் பெரிசாக்குறீங்களே" என்று நேற்றே இன்பாக்ஸில் ஒருவர் வந்துவிட்டார். உங்களுக்கு ஜாலி. அந்த அக்கா நாளைக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். அவர் மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் செல்போன் இருக்கிறது என்று யோசித்தீர்களா? "அக்கா, நீங்க பெண்கள் விஷயம்னா உடனே கிளம்பிடுவீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். ஆமாம், கிளம்புவேன். நீங்கள் யாரும் கிளம்பவில்லையே.

கிராமசபையில் பேசுவதற்குப் பேச்சாளராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அங்கே வழக்கமாக மைக் பிடிக்கிறவர்கள் பத்து நிமிடம் தடங்கலே இல்லாமல் பேசுவார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அந்த அக்கா சொன்ன அரை வரியில் விஷயம் இருந்தது. இத்தனை பேர் பார்த்தீர்களே, பைப்பைப் பற்றி ஒருவராவது கேட்டீர்களா? நேற்றுவரை தண்ணீர் வரவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு நாங்கள் சிலபேர் திங்கட்கிழமை மனு கொண்டுபோகிறோம். எழுதியது நான், கொடுத்துப் பேசப்போவது அந்த அக்காதான். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த கிராமசபை நவம்பர் 1. 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், அதனால் உள்ளூர் விடுமுறைதான், வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. இசை சேர்த்த தம்பியும் அறிவுரை சாரும் வாருங்கள். உங்கள் தெருவில் எரியாத விளக்கைப் பற்றி மூன்று வரி பேசுங்கள். வீடியோ நான் எடுக்கமாட்டேன்.